ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையும் சுயாதீன இசைக்குழுக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

இசை வரலாறு என்று நாம் எழுதுவன பெரும்பாலும் பண்களின் வரலாறாகவோ பெரும் வித்துவான்களின் வரலாறாகவோ அமைந்துவிடுகின்றன. கோயிலும் அரசவையும் சங்கீத சபையும் ஆதரித்த இசை ஏட்டிலும் கல்வெட்டிலும் இடம்பெற்றது. ஆயின் ஆசிரியரின்றித் தாமே பயின்று, வீட்டின் பின்புறத்திலும் விடுதியறையிலும் ஒத்திகை பார்த்து, தம் வயதொத்தோர் முன்னிலையில் பாடிய இளைஞரின் இசை அவ்வாறு பதிவுபெறுவதில்லை. அது சில ஆண்டுகள் ஒலிக்கிறது. பாடியவர் தொழில் தேடிப் பிரிந்ததும் ஓய்ந்துவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் பல நகரங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றிய கிற்றார்க் குழுக்கள் இத்தகையன. ஈழத்திலும் அவை தோன்றின, தமிழிலும் பாடின. அவற்றின் வாழ்வு ஏன் குறுகியதாயிற்று, குறுகிய அவ்வாழ்வில் அவை சாதித்தது யாது என்னும் இரு வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வண்டிக் கொட்டிலும் இசைக்குழுவும்

'கராஜ்' என்னும் சொல் நம்மிடையே வாகனம் திருத்தும் இடத்தையே குறிக்கும். அமெரிக்க ஐக்கிய நாட்டிலோ அது வீட்டோடு ஒட்டிய மோட்டார் வண்டிக் கொட்டிலாகும். 1950களின் இறுதியில் அந்நாட்டுச் சிறு நகரங்களின் பாடசாலை மாணவர் மின்கிற்றாரையும் முரசுத் தொகுதியையும் வாங்கி, அக்கொட்டில்களிலே கூடிப் பழகத் தொடங்கினர். சுரலிபி வாசிக்கத் தெரிந்தோர் அவர்களிற் சிலரே. மூன்று நான்கு சுரக்கோவைகளை வைத்துக்கொண்டு, இசைத்தட்டிற் கேட்டதைக் காதால் உள்வாங்கிக் கையால் மீட்டனர். இவ்விசையே பின்னாளிற் 'கராஜ் றொக்' எனப் பெயர் பெற்றது.

பின்னாளில் என்பதை அழுத்திக் கூறவேண்டும். அக்குழுக்கள் இயங்கிய நாளில் எவரும் தம்மை அப்பெயராற் குறித்துக்கொள்ளவில்லை. 1972 இல் லெனி கேய் என்பவர், மறக்கப்பட்டுக் கிடந்த அத்தகைய பாடல்கள் பலவற்றைத் திரட்டி 'நகற்ஸ்' என்னும் இரட்டை இசைத்தட்டுத் தொகுப்பை வெளியிட்டார். சிதறிக் கிடந்தவை ஒன்றாகக் கேட்கப்பட்டபோதே அவற்றுக்கிடையிலான ஒற்றுமை புலப்பட்டது. தனித்தனிப் புலவர்களின் பாடல்கள் தொகைநூலாகக் கோக்கப்பட்ட பின்னரே ஓர் இலக்கிய மரபாகத் தெரியவந்ததை நாம் அறிவோம். இசையிலும் தொகுப்பாளனின் பணி அத்தகையதே.

இக்குழுக்களுள் ஒன்றன் வாழ்வைச் சற்று விரிவாக நோக்குதல், பின்னர் ஈழத்து நிலையை ஒப்பிட உதவும். வாஷிங்ரன் மாநிலத்தின் தக்கோமா என்னும் துறைமுக நகரிலே 'வெயிலர்ஸ்' என்றொரு குழு இருந்தது. 1959 இல் நியூயோர்க் நிறுவனமொன்றின் மூலம் அவர்களது வாத்திய இசைத்தட்டு நாடளாவிய கவனத்தைப் பெற்றது. எனினும் கிழக்குக் கரைக்குக் குடிபெயர்ந்து தொழில் நடத்த விரும்பாத அவ்விளைஞர் ஊருக்கே திரும்பினர். திரும்பியதோடு நில்லாது, 1961 இல் 'எற்றிக்கற்' என்னும் சொந்த இசைத்தட்டு நிறுவனத்தையும் தொடங்கினர். பெருநகர முதலாளியின் அனுமதியை வேண்டி நில்லாது, தம் ஊரில், தம் பொறுப்பில், தம் இசையைத் தாமே பதிவுசெய்து விற்கும் முயற்சி அது. 'சுயாதீனம்' என்ற சொல்லின் பொருள் இங்கே தெளிவாகிறது.

அந்நிறுவனத்தின் துணையால் வெளிவந்ததே அதே நகரின் 'சொனிக்ஸ்' குழு. 1960 அளவில் லாரி பரிப்பா என்னும் இளைஞரால் தொடங்கப்பட்ட இக்குழு, ஜெரி றோஸ்லி பாடகராகச் சேர்ந்தபின் தனக்கேயுரிய ஒலியைப் பெற்றது. 1964 இறுதியில் 'த விற்ச்' என்னும் பாடலையும் 1965 இல் முதலாவது நெடுந்தட்டையும் அது வெளியிட்டது. ஒலிப்பதிவுக் கருவியின் அளவை மீறி ஒலி தெறிக்கும் வண்ணம் அவர்கள் பாடினர், வாசித்தனர். அது குறையென்று அன்று கருதப்பட்டது. பிற்காலத்தார் அதையே குணமெனக் கொண்டனர். அமெரிக்காவின் வடமேற்குப் பகுதிக்கு அப்பால் அப்பாடல்கள் பெரிதும் பரவவில்லை. பின்னர்ப் பிறிதொரு நிறுவனத்திற்குச் சென்று, மெருகூட்டப்பட்ட இசைத்தட்டொன்றை 1967 இல் வெளியிட்டனர். அதிற் பழைய வேகம் இல்லை. அத்தசாப்தம் முடியுமுன்னரே குழு கலைந்தது. உறுப்பினர் தத்தம் தொழிலை நாடினர், ஒருவர் விமானியானார். ஆயினும் அவ்விசைத்தட்டுகள் அழியவில்லை. 1970களின் பின் எழுந்த இளந்தலைமுறை அவற்றைத் தேடிக் கேட்டது. அதன் பயனாக 2007 இல் அக்குழுவினர் மீண்டும் மேடையேறினர். 2015 இல் முதுமையிலே புதிய இசைத்தட்டொன்றையும் வெளியிட்டனர்.

இவ்வரலாறு தரும் பாடம் ஒன்றே. குழுவின் வாழ்வு சில ஆண்டுகளே. பதிவின் வாழ்வு அரை நூற்றாண்டு. குழு கலைந்தபின்னும் பதிவு இருந்தமையாலேயே அதற்கு வரலாறு உண்டாயிற்று.

துறைமுகங்களின் தாளம்

இவ்விசை வெறும் 'வெள்ளையர் இசை' என்று ஒதுக்கிவிடுவாரும் உளர். அக்கூற்று ஆராயத்தக்கது. கராஜ் குழுக்கள் யாவும் தவறாது வாசித்த பாடல் 'லூயி லூயி' என்பதாகும். அதனை 1955 இல் இயற்றியவர் றிச்சட் பெரி என்னும் கறுப்பினப் பாடகர். கியூபாவைச் சேர்ந்த றெனே தூசே என்பவரின் நடன இசையொன்றைக் கேட்டு அதன் தாளத்தை அவர் எடுத்தாண்டார். பாடலின் பொருளோ, யமேய்க்காத் தீவின் கடலோடியொருவன் தன் காதலியிடம் திரும்பிச் செல்ல விழையும் ஏக்கமாகும். வெயிலர்ஸ் குழுவினர் 1961 இல் அதனை றொக் இசையாக்கினர். 1963 இல் போற்லன்ட் நகரில் 'கிங்ஸ்மென்' குழு அதனை ஒரே தடவையிற் பாடிப் பதிந்தபோது சொற்கள் தெளிவாகக் கேட்கவில்லை. அவை ஆபாசமானவை என்று பெற்றோர் முறையிட, மத்திய புலனாய்வுப் பணியகமே விசாரணையில் இறங்கியது. இறுதியில், சொற்கள் எவ்வேகத்திற் சுழற்றிக் கேட்பினும் விளங்கவில்லை என்ற முடிவுக்கே அது வந்தது.

நகைப்புக்குரிய அந்நிகழ்ச்சியை விட்டு நோக்கின், கரிபியன் கடலின் தாளமே தக்கோமாவின் கொட்டில்களில் ஒலித்தது என்பது புலனாகும். இலங்கையின் நிலையும் இதற்கு மிகவும் வேறானதன்று. 1505 இல் போர்த்துக்கேயர் இங்கு வந்தபின், அவர்களோடும் அவர்கள் கொணர்ந்த ஆபிரிக்கரோடும் வந்த ஆடலும் பாடலும் கரையோர நகரங்களில் வேரூன்றின. நடனமாடுதல் என்று பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லின் அடியாகப் பிறந்ததே 'பைலா' என்பர். மட்டக்களப்பின் பறங்கியர் மத்தியிலும் புத்தளப் பகுதியின் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் மத்தியிலும் அம்மரபின் பழைய வடிவங்கள் வழங்கிவந்துள்ளன. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், பொலிஸ் சேவையிலிருந்த வொலி பஸ்தியன் அதனைச் சிங்களத்தில் மக்கள் இசையாக்கினார். எனவே 1960களில் மின்கிற்றார் இத்தீவை அடைந்தபோது, அதற்கு இசைந்த துள்ளல் தாளம் இங்கு ஏற்கெனவே ஆயத்தமாக இருந்தது.

மூன்ஸ்ரோன்ஸ்: ஒரு சிங்களக் குழுவின் வாழ்வு

அத்தாளத்தையும் அக்கருவியையும் ஒன்றிணைத்தவர்களுள் முதன்மையானவர் கிளாரன்ஸ் விஜேவர்தன (1943–1996). அனெஸ்லி மாலேவானவும் அவரும் சேர்ந்து 1960களில் நடத்திய 'மூன்ஸ்ரோன்ஸ்' குழு, சிங்களப் பாடலில் மின்கிற்றாரை நிலைநிறுத்தியது. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர் விஜய கொரயா அவர்களை நேயருக்கு அறிமுகஞ் செய்தார். ஜெரால்ட் விக்கிரமசூரியவின் 'சூரிய' என்னும் உள்நாட்டு இசைத்தட்டு நிறுவனம் அத்தலைமுறையின் பாடல்களைத் தட்டுகளாக வெளியிட்டது. கிளாரன்ஸ் பின்னர் 'கோல்டன் சைம்ஸ்', 'சுப்பர் கோல்டன் சைம்ஸ்' என்னும் குழுக்களை அமைத்தார். குழுக்கள் மாறினும் பாடல்கள் தொடர்ந்தன. இன்றும் அவை சிங்கள இல்லங்களிற் பாடப்படுகின்றன.

இவ்வெற்றிக்குத் திறமை மட்டுமே காரணமன்று. வானொலி இருந்தது, உள்நாட்டு நிறுவனம் இருந்தது, மேல்மாகாணத்தில் மின்வசதியும் மண்டபங்களும் விருந்தகங்களும் இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, சிங்கள மொழிக்குக் கடலுக்கு அப்பால் ஒரு பெரும் திரையுலகம் இல்லை. இந்தி மெட்டுகளைச் சிங்களத் திரைப்படங்கள் கைக்கொண்டிருந்தன என்பது உண்மையே. ஆயினும் சிங்களச் சொல்லாற் பாடல் வேண்டியவன் அதனை இத்தீவிலேயே தேடவேண்டியிருந்தது. தமிழ் நேயருக்கு அக்கட்டாயம் இருக்கவில்லை.

தமிழில் எழுந்த குரல்கள்

தமிழ்த் திரைப்பாடல் சென்னையிலிருந்து அலைமேல் அலையாக வந்தது. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை அதனை ஒலிபரப்பித் தமிழகத்து நேயரையும் கவர்ந்தது. அச்சேவையின் பெருமையே ஈழத்துப் பாடகனுக்குச் சுமையாகவும் அமைந்தது. இத்தகைய சூழலில், தாமே மெட்டமைத்துத் தாமே பாடும் இளைஞர் தமிழிலும் தோன்றினர் என்பதே வியப்புக்குரிய செய்தியாகும்.

திருகோணமலையைச் சேர்ந்த எம். பி. பரமேஷ், எம். பி. கோணேஷ் என்னும் சகோதரர் தம் பெயராலேயே இசைக்குழு அமைத்தனர். உடன்பிறந்தார் இருவர், கிற்றார், ஒரு துறைமுக நகரம் என்னும் இவ்வமைப்பு, நாம் மேலே கண்ட கொட்டில் குழுக்களை நினைவூட்டுவது. பரமேஷ் பாடிய 'உனக்குத் தெரியுமா' ஈழத்தில் வெளியான தொடக்ககாலத் தமிழ் இசைத்தட்டுப் பாடல்களுள் ஒன்றாகும். வானொலி நிலையத்தில் எஸ். கே. பரராஜசிங்கம் போன்றோர் வளர்த்த மெல்லிசைப் பாடல் இயக்கத்தோடு இம்முயற்சியும் இணைவைத்து எண்ணத்தக்கது. பரமேஷின் மகள் பிரபாலினி பிரபாகரன் புலம்பெயர்ந்த நாட்டில் இசையமைப்பாளராக விளங்குவது, அம்மரபு முற்றாக அற்றுப்போகவில்லை என்பதற்குச் சான்று.

யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் வேறொரு வழியில் வந்தவர். வேளாண்மைக் கல்வியைத் தம் துறையாகக் கொண்ட அவர் தொழில்முறைப் பாடகரல்லர். 'சின்ன மாமியே', 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே' முதலிய அவரது பாடல்கள் மேடை வழியும் வானொலி வழியும் பட்டிதொட்டியெங்கும் பரவின. ஏ. ஈ. மனோகரன் சிங்களமும் தமிழும் கலந்த 'சுராங்கனி' பாடலாற் கடல் கடந்தும் அறியப்பட்டார். 1977 இல் வெளிவந்த 'அவர் எனக்கே சொந்தம்' என்னும் தமிழகத் திரைப்படத்தில் இளையராஜா அம்மெட்டை எடுத்தாண்டார். கொடுப்பது சென்னை, கொள்வது ஈழம் என்னும் வழமை ஒருமுறையேனும் மாறிய நிகழ்ச்சி அது. 'சிலோன் மனோகர்' என்ற பெயருடன் திரைப்படங்களிலும் நடித்த மனோகரன் 2018 சனவரியிற் சென்னையிற் காலமானார். நித்தி அவுஸ்திரேலியாவிற் குடியேறினார்.

இவ்விடத்து ஓர் ஒப்புமை கவனிக்கத்தக்கது. மூன்ஸ்ரோன்ஸ் குழுவின் புகழ்பெற்ற தொடக்ககாலப் பாடல்களுள் ஒன்று 'மங்கோ கலு நெந்தே' என்பது. 'நெந்தா' என்னும் சிங்களச் சொல் மாமியைக் குறிப்பது. நித்தியின் பாடலும் மாமியையே விளிக்கிறது. இரு மொழியிளைஞரும், ஒருவரையொருவர் பார்த்து எழுதினாரோ இல்லையோ, புதிய கருவியைக் கையிலெடுத்ததும் முதலிற் கூப்பிட்டது ஒழுங்கையில் எதிர்ப்படும் உறவுப் பெண்ணையே. மச்சாள் முறைமை வழங்கும் இரு சமூகங்களிலும் மாமி என்னும் விளி கேலிக்கும் இடந்தருவது, காதலுக்கும் வாயிலாவது. அமெரிக்க இளைஞன் மோட்டார் வண்டியையும் பள்ளித் தோழியையும் பாடிய இடத்தில், நம் இளைஞன் மாமியையும் கள்ளுக்கடையையும் பாடினான். கருவி வந்தது, பொருள் வரவில்லை. பொருள் இங்கேயே இருந்தது.

செந்தமிழ்ப் பயிற்சியுடையோர் அன்று இப்பாடல்களைத் தரங்குறைந்தன என்றனர். அவற்றின் சொல்வளம் எளியது; இலக்கணத்தின்பாற் பட்டதன்று; கேலியே அவற்றின் மெய்ப்பாடு. எனினும் யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கு, திரைப்பாடலின் பொதுத்தமிழுக்கு வழிவிடாது, தன் முகத்தோடு ஒலிவாங்கியின் முன் நின்றது. நாடகத்திலும் சிறுகதையிலும் பேச்சுவழக்கு இடம்பெற வேண்டுமென நீண்ட விவாதம் நடத்திய நம் விமர்சகர், பாட்டிலே அது நிகழ்ந்தபோது போதிய கவனஞ் செலுத்தவில்லை என்றே கூறவேண்டும்.

மொழித் தெரிவும் சந்தையும்

இதன் முக்கியத்துவம் பிற தமிழ் நிலங்களோடு ஒப்பிடும்போதே நன்கு விளங்கும். 1970, 1971 ஆம் ஆண்டுகளில் இந்தியாவிலே புகையிலை நிறுவனமொன்றின் ஆதரவில் 'சிம்லா பீற்' என்னும் போட்டி நடைபெற்றது. நாட்டின் பல நகரங்களின் கிற்றார்க் குழுக்கள் அதிற் பங்குபற்றின. பாடல்கள் இரு இசைத்தட்டுகளாகவும் வெளிவந்தன. அவை ஆங்கிலப் பாடல்கள். மலேசியாவின் பினாங்கிலே டேவிட், லோகா என்னும் ஆறுமுகம் சகோதரர் 'அலிகற்ஸ்' குழுவை வளர்த்துப் பெரும்புகழ் ஈட்டினர். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளான அவர்கள் அப்புகழைப் பெற்றது மலாய்ப் பாடல்களாலேயே.

இவற்றைக் குறையாகக் கூறவில்லை. பாடகன் கேட்போர் உள்ள மொழியிற் பாடுகிறான். இசைத்தட்டு விற்கும் மொழியில் நிறுவனம் அவனைப் பாடச்செய்கிறது. சென்னைக்கு ஆங்கிலமும் பினாங்குக்கு மலாயும் அவ்வாறு அமைந்தன. ஈழத்து இளைஞரோ, விற்பனைக்கு உறுதியில்லாத தமிழில், அதிலும் ஊர்ப்பேச்சுத் தமிழிற் பாடினர். சந்தையைக் கருதாத இம்மொழித் தெரிவே ஈழத்துப் பொப்பிசையின் தலையாய சாதனை. அதன் வாழ்வு குறுகியமைக்கு முதற்காரணமும் அதுவே.

நான்கு தேவைகள்

ஒரு சுயாதீனக் குழு நிலைபெற நான்கு வேண்டும்: கருவி, மின்சாரம், மேடை, பதிவு. இந்நான்கில் ஒன்றேனும் தன் கையில் இல்லாத குழு, எவர் கையில் அது உள்ளதோ அவரைச் சார்ந்து நிற்கும்.

கருவியைப் பொறுத்தவரை, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலத்தில் இறக்குமதியான மின்கிற்றார் எளிதிற் கிட்டுவதன்று. எனினும் 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடு மறுபுறத்தில் நன்மையும் செய்தது. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தது. உள்நாட்டு வெளியீடுகள் பெருகின. 'குத்துவிளக்கு' (1972), 'பொன்மணி' (1977), 'வாடைக்காற்று' (1978) முதலிய ஈழத்துத் தமிழ்த் திரைப்படங்கள் எழுந்ததும் அத்தசாப்தத்திலேயே. பொப்பிசையின் செழிப்பும் அதே ஆண்டுகளுக்குரியது. கதவு சாத்தப்பட்ட வேளையில் வீட்டிலுள்ளோர் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டனர் எனலாம். 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் ஒலிநாடாப் பெட்டியை ஊரெங்கும் கொணர்ந்தது. பதிவு எளிதாயிற்று, ஆயின் அதனினும் எளிதாகத் திரைப்பாடலின் படி பெருகிற்று.

மேடை என்பது வடக்கிற் பெரும்பாலும் கோயில் வீதியே. திருவிழா இரவுகளில் மேளக் கச்சேரிக்கும் வில்லுப்பாட்டுக்கும் பின்னர் இசைக் கோஷ்டி மேடையேறும். இசைவாணர் கண்ணனின் குழு போன்றன அவ்வாறு ஊர் ஊராகச் சென்று புகழ்பெற்றன. பணம் தருவோர் திருவிழா உபயகாரர். அவர்கள் விரும்பியது திரைப்பாடல். ஆகவே ஈழத்தின் மிகச்சிறந்த கிற்றார் வாசிப்போரும் முரசுக் கலைஞரும் இரவு முழுவதும் பிறர் பாடலை அச்சொட்டாக வாசித்தே வயிறு வளர்த்தனர். இரண்டொரு சொந்தப் பாடல்களும் பைலாவும் இடையிடையே வந்தன. திறமை சுயாதீனமாக இருந்தது, பிழைப்பு அவ்வாறிருக்கவில்லை.

வன்னியின் மேடைமரபு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. முல்லைத்தீவு வட்டாரத்துக் கோவலன் கூத்து முதலியவற்றை ஆடியோர் தொழில்முறைக் கலைஞரல்லர், உழுது பயிரிட்டோர். அண்ணாவியார் ஒருவரைச் சுற்றி, அறுவடை ஓய்ந்த நாள்களிற் களரியிலே பழகி, தம் ஊரார் முன்னிலையில் ஆடினர். கொட்டிற் குழுவுக்கும் களரிக் கூத்துக்கும் இடையே கருவியிலும் பொருளிலும் எத்துணை வேறுபாடு இருப்பினும், பயிலும் முறையிலும் நிகழ்த்தும் சூழலிலும் நெருங்கிய உறவுண்டு. கிற்றார் எடுத்த இளைஞன் மரபை முறித்தவன் என்பார், இவ்வுறவையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

மின்சாரம் முடிந்த எல்லை

எஞ்சிய இரு தேவைகளாகிய மின்சாரமும் பதிவும் போரினால் நேரே தாக்கப்பட்டன. 1981 சூன் முதலாந் திகதி யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பதை நாம் மறக்கவில்லை. 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானதும் திரைப்பட மூலச்சுருள்கள் அழிந்ததும் அத்துணை நினைவுகூரப்படுவதில்லை. நூல் எரிந்தால் வேறோரிடத்துப் பிரதி இருக்கக்கூடும். ஒலியின் மூலப்பதிவு அழிந்தால் அது பெரும்பாலும் இறுதி அழிவாகும்.

1990 இன் பின் வட பகுதிக்கான மின்வழங்கல் அற்றுப்போயிற்று. புகையிரதம் வவுனியாவோடு நின்றது. அந்நகரம் அதுவரை ஒரு சந்தி. கொழும்பிலிருந்து வடக்கே செல்லும் இசைக்குழுவும் யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே வரும் இசைக்குழுவும் கடந்துசெல்லும் இடம். அதன்பின் அது ஓர் எல்லையாயிற்று. வவுனியாவில் விளக்கு எரிந்தது; ஓமந்தைக்கு அப்பால் இருள். மின்கலங்களும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிளின் சில்லைச் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பெற்ற மின்னால் வானொலியும் ஒலிநாடாவும் கேட்டனர் மக்கள். கேட்பதற்கே ஒருவர் மிதிக்க வேண்டியிருந்த நாட்டில் மின்கிற்றார்க் குழு தழைத்தல் எங்ஙனம்?

ஆயினும் வன்னியில் இசை நின்றுவிடவில்லை. அது இடம் மாறியது. 1990 நவம்பரில் 'புலிகளின் குரல்' வானொலி தொடங்கியது. இயக்கத்தின் ஒலிப்பதிவு வசதியைச் சார்ந்து எண்ணற்ற ஒலிநாடாக்கள் வெளிவந்தன. கோயில் வீதிகளிற் கோஷ்டி நடத்திய கண்ணன் அப்பாடல்களுக்கு இசையமைத்தார். கிளிநொச்சியில் வாழ்ந்து, 2017 இல் மறைந்த எஸ். ஜி. சாந்தன் அவற்றைப் பாடிப் பெரும்புகழ் பெற்றார். திரைப்பாடலைப் படியெடுத்துக் கொண்டிருந்த கலைஞர் முதன்முறையாகத் தொடர்ச்சியாகச் சொந்தப் பாடல்களைப் பாடினர் என்பது வரலாற்று உண்மை. கருவியும் மின்பிறப்பியும் பதிவும் ஓரமைப்பின் கையில் இருந்தமையால், பாடுபொருளும் அவ்வமைப்பின் தேவையை ஒட்டியே அமைந்தது என்பதும் அதேயளவு உண்மை. மாமியைக் கேலிசெய்யும் பாட்டுக்கு அங்கே இடமிருக்கவில்லை. உபயகாரரின் இடத்தில் இயக்கம் நின்றது. நான்கு தேவைகளும் கலைஞன் கையில் என்றும் இருந்ததில்லை.

2009 இல் இரண்டரை இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளம் முகாம்களை அடைந்தனர். உடுத்த உடையோடு வந்தோர் பலர். இடப்பெயர்வுக்கு இடப்பெயர்வு சுமந்துதிரிந்த புகைப்படக் கோவைகளும் ஒலிநாடாப் பெட்டிகளும் வழியிலே கைவிடப்பட்டன. எழுபதுகளின் கோஷ்டிப் பாடல் ஒன்று கடைசியாகப் பதிவாகியிருந்த நாடா எந்த வயல்வரம்பில் மக்கிப்போயிற்றென்று எவரும் கூறமுடியாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிவுகள் பெறப்படும். ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை மேனாட்டு இசையின் வெறும் போலியன்று. கருவியைப் பிறரிடமிருந்து பெற்று, தாளத்தைத் தீவின் கரையோர மரபிலும் பொருளைத் தன் ஒழுங்கையிலும் கண்டது அது. விற்பனை உறுதியற்ற மொழியிற் பாடத் துணிந்தமை அதன் சிறப்பு. அதன் செழிப்பு 1960களின் இறுதிக்கும் 1983 க்கும் இடைப்பட்ட சுமார் பதினைந்து ஆண்டுகளில் அடங்கியது. திறமைக் குறைவினாலன்றி, வாழ்வதற்கு வேண்டிய நான்கு தேவைகளும் தன் கையில் இன்மையாலேயே அது தளர்ந்தது.

தக்கோமாவின் குழு சில ஆண்டு பாடி, நாற்பது ஆண்டு மௌனம் காத்து, மீண்டும் மேடையேறியது. அதனைச் சாத்தியமாக்கியவை சில வட்டத் தட்டுகளும், அவற்றைத் தூசு தட்டி எடுத்த தொகுப்பாளரின் உழைப்புமே. நம்மிடையே தட்டுகள் மிகச்சில. நாடாக்கள் அதனினும் நலிந்தன. ஒலிநாடாவின் காந்தப் பூச்சு ஆண்டுதோறும் உதிர்ந்துகொண்டிருக்கிறது. எழுபதுகளில் இருபது வயதினராய்க் கிற்றார் ஏந்தியோர் இன்று எழுபதைக் கடந்துவிட்டனர்.

1997 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகமாக உருப்பெற்று, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகம், முன்னாளின் சந்தியிலும் பின்னாளின் எல்லையிலும் அமைந்திருக்கிறது. வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகிய பகுதிகளின் மாணவர் வந்து கூடும் இடமாகவும் அது உள்ளது. ஒவ்வொருவர் ஊரிலும் ஒரு பழைய கோஷ்டி உறுப்பினர், ஓர் ஒலிபெருக்கி வாடகைக் கடைக்காரர், திருவிழா நோட்டீசுகளைச் சேர்த்துவைத்திருக்கும் ஒரு முதியவர் இருக்கக்கூடும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர், கையடக்கத் தொலைபேசியில் அவர்தம் வாய்மொழியைப் பதிந்து, நாடாக்களை எண்ணிமப் பிரதியாக்கிப் பல்கலைக்கழக நூலகத்திற் சேர்ப்பராயின், ஈழத்து இசையின் தொகைநூல் ஒன்றுக்கு அடியிட்டவராவர். பாடியவர் செய்யவேண்டியதைச் செய்து முடித்துவிட்டனர். தொகுக்கும் கடமை நம்முடையது. அதற்குரிய காலமோ மிகச் சிறிதே எஞ்சியுள்ளது.